பீட்டர் பார்க்கரின் சாதிச் சான்றிதழ்

நான் ரசிகன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்பாட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தூர நின்று பார்த்து எழுதுகிற ஆள் இல்லை. முதல் நாள் முதல் ஷோவுக்கு வரிசையில் நின்று, படம் முடிந்து பெயர்களெல்லாம் ஓடி, தியேட்டர்க்காரன் விளக்கைப் போட்ட பிறகும், கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும் என்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற ஜாதி. (நானாகப் போய்ச் சேர்ந்த ஜாதி இது ஒன்றுதான்.)

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வாசிப்புக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தபோது இந்த சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, ஜட்டிய பேண்ட்டுக்கு மேல போட்டுக்கினு பறக்கறவனப் பத்திப் பேசறதுக்கா நாம கூட்டம் போடறோம்? அமெரிக்காக்காரன் கொட்டற குப்பை, அதப் போயி..." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். குப்பைதான் தோழரே, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குப்பைக்குள் ஒரு காகிதம் கிடக்கிறது. அதை எடுத்துப் படித்தீர்களா?

காகிதத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் கதை கொஞ்சம்.

ஆறாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போட்டார்கள். வசனம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் காலனியில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று யார் வீட்டில் ரேடியோ செட் கட்டினாலும் அந்த வசன கேசட் ஓடும். கேட்டுக் கேட்டே மனப்பாடம். நாடகத்துக்கு ஆள் எடுத்த அன்றைக்கு முதல் ஆளாய்ப் போய் நின்றேன். பேசிக் காட்டினேன். வாத்தியார் முழுசாகக் கேட்டார். "நல்லா பேசறடா" என்றார். அப்புறம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கட்டபொம்மன்னா ஒரு களை வேணும்டா, மூஞ்சி ஒத்து வரணும்ல" என்றார். இரண்டு வரி சேர்ந்தாற்போல் சொல்ல வராத ஊர்த்தெருப் பையன் ஒருவன் கட்டபொம்மன் ஆனான். நான் மேடைத் திரைக்குப் பின்னால் நின்று அவனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன். கைதட்டல் அவனுக்கு. கடைசி வரிசையில் நின்று பார்த்த எங்கம்மா, அவன் குரலைவிட உன் குரல்தான்டா கேட்டுச்சு என்றாள்.

2002-இல் ஸ்பைடர்மேன் தமிழ் பேசிக்கொண்டு பக்கத்து டவுனுக்கு வந்தான். சாம் ரெய்மி எடுத்தது, டோபி மக்வயர் நடித்தது. அப்பா அம்மா இல்லாத, பெரியப்பா பெரியம்மா வளர்க்கிற பையன். பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறவன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அவன் கஷ்டம் இல்லை. அவன் உடுப்பு. சூப்பர்மேனுக்கு முகம் முழுசாகத் தெரியும். பேட்மேனுக்குத் தாடை தெரியும், வெள்ளைத் தாடை. ஸ்பைடர்மேனுக்கு ஒரு விரல்நுனிகூடத் தெரியாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் துணி. போட்டுக்கொண்டால் மூஞ்சி ஒத்து வருகிறதா என்று எந்த வாத்தியாராலும் பார்க்க முடியாது. அந்த இருட்டில், பதினைந்து வயதில், நான் யோசித்தது அவ்வளவுதான். இந்த வேஷம் எனக்குக் கிடைக்கும்.

அந்த வேஷத்தைப் பதினாலு வருஷத்தில் மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். 2002, 2004, 2007 மூன்று படமும் டோபி மக்வயர். 2012-இல் போர்டில் எழுதியதை அழிப்பதுபோல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் வந்தார். மறுபடி அதே பையன், அதே சிலந்தி, அதே கடி, மறுபடியும் பெரியப்பா செத்துப்போகிறார். 2016-இல் இன்னொரு முறை அழித்தார்கள், டாம் ஹாலண்ட் வந்தார். இதற்கு ரீபூட் என்று பெயர். நின்றுபோன கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதற்குச் சொல்கிற வார்த்தை. நான் மறுபிறப்பு என்பேன். நமக்குத் தெரிந்த வார்த்தை. மறுபிறப்புக் கதையைக் கேட்டால் நாம் முதலில் என்ன கேட்க வேண்டும்? மறுபடி பிறக்கிறவன் எந்த வீட்டில் பிறக்கிறான்? எப்போதும் அதே வீட்டில்தானா?

ஏன் ரீபூட் செய்கிறார்கள் என்றால் கலை, புதிய பார்வை, புதிய தலைமுறை என்றெல்லாம் பேட்டி கொடுப்பார்கள். விஷயம் எளிமையானது. 1990களின் கடைசியில், திவாலிலிருந்து எழுந்து வந்த மார்வெல் நிறுவனம் ஸ்பைடர்மேனைப் படமெடுக்கும் உரிமையை சோனிக்குக் கொடுத்தது. குறிப்பிட்ட வருஷத்துக்குள் அடுத்த படம் எடுக்காவிட்டால் உரிமை மார்வெலுக்குத் திரும்பிவிடும். குத்தகை நிலத்தைத் தரிசாய்ப் போட்டால் பிடுங்கிவிடுவான் என்று எதையாவது விதைத்து வைக்கிறோமே, அது மாதிரி. இதில் கேவலத்தின் உச்சி 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. உரிமை கைநழுவக் கூடாது என்பதற்காக ரோஜர் கார்மனை வைத்துக் குறைந்த செலவில் ஒரு படத்தை எடுத்தார்கள். 1994-இல் வருவதாக இருந்தது. நடித்தவர்கள் படம் வரும் என்று நம்பி ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள். படத்தை வெளியிடவே இல்லை.

சரி, முதலாளித்துவம் இப்படித்தான் இருக்கும், இதில் புதுசு என்ன என்று டீக்கடைத் தோழர் கேட்பார். இப்போதுதான் காகிதம் வருகிறது.

2014 கடைசியில் சோனி பட நிறுவனத்தின் கணினிகளை யாரோ உடைத்து உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள். 2015 ஜூனில் அந்தக் குவியலிலிருந்து ஓர் ஒப்பந்தம் செய்திக்கு வந்தது. 2011 செப்டம்பரில் சோனியும் மார்வெலும் போட்டுக்கொண்டது. ஸ்பைடர்மேன் எப்படி இருக்க வேண்டும் என்று பட்டியல். சித்திரவதை செய்யக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது, போதைப்பொருள் விற்கக் கூடாது. நல்லது. பிறகு பீட்டர் பார்க்கருக்குத் தனிப் பட்டியல். முழுப்பெயர் இன்னது. சிறு வயதிலேயே அப்பா அம்மா இல்லாமல் போக வேண்டும். க்வீன்ஸ் பகுதியில் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்திருக்க வேண்டும். சிலந்தி கடித்துத்தான் சக்தி வர வேண்டும். அப்புறம் அந்த வரி: வெள்ளை இனத்தவனாக இருக்க வேண்டும், எதிர்பாலினத்தை விரும்புகிறவனாக இருக்க வேண்டும்.

தோழர்களே, பெயர், இனம், வளர்ந்த இடம், குடும்பத்தின் பொருளாதார நிலை. தாசில்தார் ஆபீஸில் கால் கடுக்க நின்று நாம் எத்தனை தடவை இந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறோம்! இல்லாத ஓர் ஆளுக்கு, காகிதத்தில் வரைந்த பொம்மைக்கு, இரண்டு கம்பெனி உட்கார்ந்து சாதிச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நமக்குக் கொடுக்கிற சான்றிதழ், இத்தனை காலம் வெளியே நிறுத்தியவனை உள்ளே விடுவதற்கு. இது உள்ளே இருக்கிற ஒருவனைத் தவிர வேறு எவனும் வந்துவிடக் கூடாது என்பதற்கு. அந்தச் செய்தி வந்த அதே ஜூன் மாசத்தில்தான் டாம் ஹாலண்ட் பெயரை அறிவித்தார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்பைடர்மேன் வேடத்தை வேறு யாராவது போடுவதற்கு அந்த ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. பீட்டர் பார்க்கர்தான் வெள்ளையனாக இருந்தாக வேண்டும். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஒப்பந்தம் எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்னால் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2010-இல் டோனல்ட் க்ளோவர் என்கிற கறுப்பு நடிகருக்காக ரசிகர்கள் ஓர் இயக்கம் நடத்தினார்கள். வேஷத்தைக் கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நடித்துக் காட்ட ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்கே அவ்வளவு வசவு. வாய்ப்புக் கிடைக்கவில்லை. பரவாயில்லை, என் வாத்தியார் என்னைப் பேசவாவது விட்டார்.

இந்த இடத்தில் என் சக ரசிகர்களிடம் வருகிறேன். எனக்குக் கம்பெனிக்காரன்மேல் இருக்கிற கோபத்தைவிட இவர்கள்மேல்தான் கோபம் அதிகம். கம்பெனிக்காரன் காசுக்குச் செய்கிறான். இவர்கள் இலவசமாகச் செய்கிறார்கள். இவர்களிடம் ஒரு வார்த்தை உண்டு: கேனான். மூலத்தில் எது இருக்கிறதோ அதுதான் செல்லும் என்று பொருள். திருச்சபையில், வேதத்தில் எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை என்று சொல்வதற்கு வழங்கிய சொல். தமிழில் நான் ஆகமம் என்று சொல்லுவேன். கருவறைக்குள் யார் போகலாம் என்று கேட்டால் இங்கே எந்த ஏட்டைக் காட்டுகிறார்களோ, அந்த ஏட்டின் வேலையைத்தான் அங்கே கேனான் செய்கிறது. "எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்லைங்க, மூலத்தில் அப்படித்தான் இருக்கு." இந்தக் குரலை நாம் கேட்டதே இல்லையா?

மூலத்தைத்தான் பார்ப்போமே. 1938-இல் வந்த மூல சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவுவான், அவ்வளவுதான். பறப்பதெல்லாம் சில வருஷம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. 1962-இல் வந்த ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறம். அச்சில் சாம்பல் ஒரே சீராக விழவில்லை, அடுத்த இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். மை சரியில்லை என்பதற்காக ஒருத்தன் தோலையே மாற்றலாம். ஒரு கறுப்புப் பையன் ஆசைப்படுகிறான் என்பதற்காக மாற்றக் கூடாது. அதற்கு மட்டும் ஆகமம் இடம் தராது.

2015-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோரை மறுபடி எடுத்தபோது ஜானி ஸ்டார்ம் பாத்திரத்தை மைக்கேல் பி. ஜோர்டனுக்குக் கொடுத்தார்கள். உடம்பே தீப்பிடித்து எரிகிற பாத்திரம். எரியும்போது யார் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அப்படியொரு கூச்சல். நடிகரே உட்கார்ந்து பத்திரிகையில் பதில் எழுத வேண்டிய நிலை. படம் ஓடவில்லை. மோசமான படம்தான், நானும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் 2018-இல் அதே மைக்கேல் பி. ஜோர்டன் கொலைகாரனாக வந்தபோது ஆகமம் பேசுகிற ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே மூஞ்சி ஒத்து வந்துவிட்டது.

இந்த ஆகமம் ஒருவழிப் பாதை என்பதற்கு இன்னும் கெட்டியான சாட்சி டாக்டர் டூம். 1964-இல் அவனுடைய பிறப்புக் கதையை எழுதியபோது ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அவனை ரோமா இனத்துப் பிள்ளையாக எழுதினார்கள். ரோமா யார்? ஊர் ஊராக விரட்டப்பட்ட, நாஜி முகாம்களில் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட நாடோடி மக்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்கள் மொழியே சொல்லும். நமக்குத் தூரத்துச் சொந்தம். 2024 ஜூலையில் அந்தப் பாத்திரத்தை ராபர்ட் டவுனி ஜூனியருக்குக் கொடுத்ததாக மேடையில் அறிவித்தார்கள். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. காமிக்ஸில் ரோமா குடும்பம் வளர்த்த வாண்டா, பியெத்ரோ இருவரையும் 2015-இலேயே சொகோவியா என்று ஒரு கற்பனை நாட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஆக்கியாயிற்று. அப்போதெல்லாம் எங்கே போனது கேனான்? வெள்ளையன் கறுப்பன் ஆனால் மூலத்துக்குத் துரோகம். ரோமா வெள்ளையன் ஆனால் நடிப்புத் திறமை.

மூலம், மூலம் என்கிறார்களே, அந்த மூலத்தை எழுதியவர்கள் கதி என்ன? சூப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் புலம்பெயர்ந்த ஏழை யூதர் வீட்டுப் பிள்ளைகள். 130 டாலருக்கு உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1970களில் சூப்பர்மேன் படத்துக்குக் கோடிகளைக் கொட்ட ஏற்பாடு நடந்தபோது ஒருவர் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் வயிறெரிந்து பத்திரிகைகளுக்கு எழுதி, ஓவியர்கள் கூடிப் போராடிய பிறகுதான் 1975-இல் வருஷத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயரும் கிடைத்தன. பேட்மேன் கதை இன்னும் மோசம். பாப் கேன் பெயர்தான் எல்லா இடத்திலும். அந்த முகமூடியையும் மேலங்கியையும் காதம் நகரத்தின் பெயரையும் கொடுத்த பில் ஃபிங்கர் 1974-இல் செத்துப்போனார். படைத்தவர்களில் ஒருவர் என்று அவர் பெயரைப் போட 2015 ஆயிற்று. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான், எனக்கு இது புரியாதா?

பேட்மேனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரீபூட் வியாதியின் பழைய நோயாளி அவன்தான். மைக்கேல் கீட்டன், வால் கில்மர், ஜார்ஜ் க்ளூனி, கிறிஸ்டியன் பேல், பென் அஃப்லெக், ராபர்ட் பேட்டின்சன். அந்தச் சந்து. அந்தத் துப்பாக்கி. பணக்கார அப்பா அம்மா விழுகிறார்கள், பையன் நிற்கிறான். 1989-இல் காட்டினார்கள், 2005-இல் காட்டினார்கள், 2016-இல் துப்பாக்கிக் குழாயில் முத்துமாலை சிக்கி அறுவதைக்கூட நின்று நிதானமாகக் காட்டினார்கள். 2019-இல் ஜோக்கருக்கென்று ஒரு படம் எடுத்தார்கள், அதிலும் விடவில்லை. உலகத்திலேயே அதிகம் அழுது தீர்க்கப்பட்ட அனாதை புரூஸ் வேய்ன்தான். 2022-இல் மேட் ரீவ்ஸ் எடுத்த படத்தில் வில்லன் ரிட்லர் இதைத்தான் கேட்கிறான். ஓர் அறைக்கு முப்பது பிள்ளைகள், விரலைக் கடிக்கிற எலிகள், குளிரில் ஒவ்வொரு வருஷமும் செத்த கைக்குழந்தைகள் என்று வளர்ந்தவன் அவன். அந்த அனாதைகளைப் பற்றி எவன் பேசினான்? மாளிகையில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் எப்படி ஊருக்கே அனாதை ஆனான்? தியேட்டரில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை யார் வாயில் வைத்தார்கள் என்று பாருங்கள். ஊரையே தண்ணீரில் மூழ்கடிக்கிற பைத்தியக்காரன் வாயில். உண்மையைப் பேசவிட்டு, பேசியவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டால் உண்மையும் அவனோடு ஜெயிலுக்குப் போய்விடும். கெட்டிக்கார ஏற்பாடு.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் 'பிளாக் பேந்தர்' படத்தில். எனக்கு வலிக்கிற இடம் இது. 2018 பிப்ரவரியில் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அழுதேன். யாருக்கும் அடிமைப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு. கறுப்பு அறிவியல், கறுப்பு அழகு. உடை வடிவமைத்த ரூத் கார்ட்டர், கலை இயக்கம் செய்த ஹன்னா பீச்லர் இருவரும் அந்தத் துறைகளில் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பர்கள். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் கேள்வி இருக்கிறது. கோடிக் கணக்கில் செலவழித்து எடுத்த அந்தப் படத்தில் கறுப்பு நாயகன் யார்? பிறப்பால் ராஜா. மறுபடியும் பிறப்பு! ராஜா இல்லாத கறுப்பன் யார்? எரிக் கில்மாங்கர். ஓக்லண்ட் நகரத்துக் குடியிருப்பில் 1992-இல் அப்பனைப் பறிகொடுத்து, சொந்த ராஜகுடும்பத்தாலேயே கைவிடப்பட்ட பையன். அவன் கேட்பது ஒன்றே ஒன்று. உலகம் முழுக்க நம்ம ஜனம் அடிபட்டுச் சாகும்போது இவ்வளவு ஆயுதத்தையும் அறிவையும் ஒளித்து வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? பதில் இல்லை. பதில் இல்லாததால் அவனைத் தன் காதலியையே சுட்டுத்தள்ளுகிறவனாக ஆக்கினார்கள். அவன் அனுப்பிய ஆயுதக் கப்பல்களைச் சுட்டு வீழ்த்துகிறவன் யார்? அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் ஆள். அவன் நல்லவன்! கடைசியில் ராஜா ஓக்லண்டுக்கு வந்து அந்தப் பழைய கட்டடத்தை வாங்கி மக்களுக்கு உதவி மையம் அமைக்கிறார். உரிமை கேட்டவனைக் கொன்றுவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டிக் கொடுக்கிறார்கள். நம் காலனிகளில் எத்தனை சமுதாயக் கூடம் பார்த்திருக்கிறோம்.

ஓக்லண்ட் என்ற பெயர் சும்மா வரவில்லை. மார்வெல் காமிக்ஸில் பிளாக் பேந்தர் முதலில் வந்தது 1966-இல். அதே 1966 அக்டோபரில் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பேந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். கட்சி வளர வளரக் கம்பெனிக்கு அந்தப் பெயர் உறுத்தியது. 1972-இல் கொஞ்ச காலத்துக்கு நாயகன் பெயரை 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றிப் பார்த்தார்கள். தமிழில் இரண்டும் சிறுத்தைதான். அங்கே அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயம். அதே 1972-இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலான இளைஞர்கள் ஓக்லண்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்து 'தலித் பேந்தர்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். கோடீஸ்வரக் கம்பெனி கைகழுவப் பார்த்த பெயரைச் சேரியில் பிறந்தவன் தன் பெயராக்கிக்கொண்டான். அப்புறம் அது சிறுத்தையாகித் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறிய கதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீக்கடைத் தோழரே, இப்போது சொல்லுங்கள், அந்தக் குப்பைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா?

பிளேடு என்று ஒருவன் இருக்கிறான், அவனை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. 1998-இல் வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த 'பிளேடு' வந்து ஓடியது. மார்வெல் பாத்திரத்தை வைத்துச் சினிமாவில் சம்பாதிக்கலாம் என்று காட்டிய முதல் படம் அதுதான். 2000-இல் எக்ஸ்-மென்னும் 2002-இல் என் ஸ்பைடர்மேனும் அதற்குப் பின்னால்தான் வந்தார்கள். வழி போட்டவன் ஒரு கறுப்பன். 2019 ஜூலையில் மஹர்ஷலா அலியை வைத்துப் பிளேடை மறுபடி எடுப்பதாக அறிவித்தார்கள். அப்புறம் ஓர் இயக்குநர் போனார், இன்னொருவர் வந்தார், அவரும் போனார். 2024-இல் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பீட்டர் பார்க்கருக்குப் பதினாலு வருஷத்தில் மூன்று பிறவி. வாசல் திறந்துவிட்டவனுக்கு ஒரு மறுபிறவிக்கு முகூர்த்தம் கிடைக்கவில்லை. அதே 2024-இல் வந்த 'டெட்பூல் அண்ட் உல்வரின்' படத்தில் பழைய வெஸ்லி ஸ்னைப்ஸ் வருகிறார். எங்கே இருக்கிறார் தெரியுமா? வேண்டாத பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற ஒரு பாழ்வெளியில். தியேட்டரில் விசில் பறந்தது, என் விசிலும் அதில் உண்டு. விசில் அடித்து முடித்த பிறகுதான் தோன்றியது: சிரிப்புக்காக என்றாலும் உண்மையைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன். ஸ்பைடர்மேன் வேறு யாராகவும் இருக்கலாம் என்ற ஓட்டை வழியாக வந்தவன் மைல்ஸ் மொராலிஸ். 2011-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் சாரா பிச்செல்லியும் படைத்தது. அப்பா கறுப்பர், அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரர், ஊர் ப்ரூக்ளின். 2018-இல் கார்ட்டூன் படமாக வந்து ஆஸ்கரும் வாங்கினான். கார்ட்டூனில்தான். ரத்தமும் சதையுமாக நடிக்கிற படத்தில் அவனுக்கு இன்னும் இடம் இல்லை. 2021-இல் மூன்று வெள்ளை ஸ்பைடர்மேன்களையும் ஒன்றாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். தியேட்டரில் காது கிழிந்தது. அதில் எலெக்ட்ரோவாக வரும் ஜேமி ஃபாக்ஸ், நீ கறுப்பனாக இருப்பாய் என்று நினைத்தேன் என்று ஸ்பைடர்மேனிடம் ஏமாற்றத்தோடு சொல்லுவார். ஒரு ஜோக்காகச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

மைல்ஸின் இரண்டாவது படம் 2023-இல் வந்தது. எல்லா உலகத்து ஸ்பைடர்மேன்களும் கூடியிருக்கிற இடத்தில் அவர்கள் தலைவன் மைல்ஸைப் பார்த்துச் சொல்கிறான்: உன்னைக் கடித்த சிலந்தி உனக்கானது இல்லை, வேறோர் உலகத்திலிருந்து தவறி வந்தது, நீ ஸ்பைடர்மேனாக ஆகியிருக்கவே கூடாது. அதோடு உன் அப்பன் சாக வேண்டும், அது கேனான், தடுக்க உனக்கு உரிமையில்லை, தடுத்தால் உலகமே சிதறிவிடும். நீ பிறந்தது பிழை, உன் துக்கம் விதி, எதிர்த்தால் தர்மம் கெடும். இதை நமக்கு எத்தனை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள்! ஒப்பந்தத்தில் இருந்ததையும் ரசிகர்கள் கத்தியதையும் எடுத்து அந்தப் படம் வில்லத்தனமாக வைத்துக் காட்டியது. மைல்ஸ் ஓடுகிறான், நூற்றுக்கணக்கான ஸ்பைடர்மேன்கள் அவனைத் துரத்துகிறார்கள். எனக்கு மூச்சு முட்டியது. (அந்தப் படத்தில் வேலை செய்த ஓவியர்கள் சுமார் நூறு பேர் வேலைச்சுமை தாங்காமல் பாதியில் போனதாக அந்த மாசமே பத்திரிகையில் செய்தி வந்தது. இதையும் எழுதாமல் விட்டால் நானும் பாப் கேன்தான்.)

அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். அந்தப் படத்தைச் செல்போனில் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். போன வாரம் கேட்டான்: "மாமா, மூணு ஸ்பைடர்மேனும் ஒண்ணா வந்தாங்கள்ல, அதுல மைல்ஸ ஏன் கூப்புடல?" ஒப்பந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பேப்பர கிழிச்சிப் போட்டா ஆவாதா?" என்றான்.

அவன் பள்ளிக்கூடத்தில் அடுத்த மாசம் மாறுவேடப் போட்டி. மைல்ஸ் வேஷம் போடப் போகிறான். கறுப்புத் துணியும் சிவப்பு வரியும் டெய்லரிடம் கொடுத்தாயிற்று. மூஞ்சியை மூடினால்தான் ஸ்பைடர்மேன் என்று நான் சொல்கிறேன். முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு மூஞ்சி தெரிகிறாற்போல்தான் மேடையேறுவேன் என்கிறான் அவன். டெய்லர் எங்கள் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.